காது கேட்காது, கண் சரியாகத் தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னை ராயபுரத்தில் இருக்கிறேன். பிறவியிலேயே காது கேட்காது, சட்டப்படி பார்வையற்றவன். நிரல் எழுதுவது தொழில், கம்ப்யூட்டரை நோண்டுவது பொழுதுபோக்கு. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் மெட்ரோவிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக எழுதிக் கேட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

உங்களுக்குக் கண் தெரியுமா, தெரியாதா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் கீழே இருந்தால், அதாவது மற்றவர்கள் 60 மீட்டரில் படிப்பதை 3 மீட்டரில்கூடப் படிக்க முடியாவிட்டால், அவர் பார்வையற்றவர். பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குள் சுருங்கியிருந்தாலும் பார்வையற்றவர்தான். நான் இந்த இரண்டாவது வகை. நேர் எதிரே ஒரு சிறு வட்டம் தெரியும். அதற்கு வெளியே எதுவும் கிடையாது. கறுப்பாகக்கூட இல்லை, இல்லவே இல்லை.

இதனால் தெருவில் எனக்கு நடிகன் என்று பெயர். பட்டப்பகலில் டீக்கடையில் தொங்கும் செய்தித்தாள் போஸ்டரைப் படிப்பேன். திரும்பி நடக்கும்போது தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் குடங்களில் இடறி நாலைந்தை உருட்டிவிடுவேன். போஸ்டர் தெரிந்தவனுக்குக் குடம் தெரியாதா என்று குடத்துக்குச் சொந்தக்காரர்கள் கேட்பது நியாயம்தான். போஸ்டர் வட்டத்துக்குள் இருந்தது, குடம் இல்லை. விஷயம் அவ்வளவுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போஸ்டரும் கிடையாது.

என்ன நோய் அது?

அஷர் நோய்க்குறி. 1914இல் இது பரம்பரையாக வருவதை விளக்கிய சார்லஸ் அஷர் என்ற ஸ்காட்லாந்துக் கண் மருத்துவரின் பெயர் அதற்கு. எனக்கு வந்த வகையில் பிறக்கும்போதே காது கேட்காது; பிறகு விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். மங்கலான வெளிச்சத்துக்கும் ஓரப் பார்வைக்கும் பொறுப்பான கோல் செல்கள் முதலில் சாவதால் மாலைக்கண்தான் முதல் அறிகுறி. உடனே வீட்டில் முருங்கைக்கீரையும் கேரட்டுமாகச் சமைப்பார்கள். எனக்கும் சமைத்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் அதற்குக் கட்டுப்படும், இது படாது.

என் வகையில் உள்காதின் சமநிலை உறுப்பும் வேலை செய்யாது. கண்ணை நம்பித்தான் நேராக நிற்கிறேன்; இருட்டினால் நடை தள்ளாடும். தண்டையார்பேட்டையில் இரவு எட்டு மணிக்குத் தள்ளாடி நடப்பவனைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டீயைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டதால்தானே?

அம்மாவை ஏற்கெனவே போதுமான பேர் கேட்டுவிட்டார்கள். அறிவியலை மட்டும் சொல்கிறேன். தாய், தந்தை இருவரிடமும் ஒரே மரபணுவில் குறை இருந்தால்தான் இது வரும். அப்போதும் ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவுக்குள் மணம் செய்தால் இருவரிடமும் அதே குறை இருக்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. சொந்தமே இல்லாத தம்பதிக்கும் பிறக்கலாம் என்பதும் உண்மை. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.

சிகிச்சை ஒன்றுமே இல்லையா? அமெரிக்காவில் ஏதோ ஊசி வந்துவிட்டதாமே?

2017இல் அமெரிக்காவில் விழித்திரைக்கான மரபணு சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அது ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே மரபணுவின் கோளாறுக்கு. என்னுடையது வேறு. செய்தியை அனுப்பிவைக்கும் அன்புக்கு நன்றி.

திரையைப் பார்க்காமல், கேட்காமல், கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

விரலால். விசைப்பலகைக்கு முன்னால் ஒரு பட்டையான கருவி இருக்கும். அதன் பெயர் பிரெய்ல் டிஸ்ப்ளே. திரையில் இருக்கும் எழுத்துகளை ஒரு வரியாக, புள்ளிகளாக எழுப்பிக் காட்டும். லூயி பிரெய்ல் 1824இல் வடிவமைத்த கட்டத்தில் ஆறு புள்ளிகள், கம்ப்யூட்டருக்காக எட்டாக்கிக்கொண்டார்கள். என்னுடையதில் 40 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு எட்டு ஊசி என்றால் மொத்தம் 320 ஊசிகள். ஒவ்வொன்றின் கீழும் மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் ஒரு சிறு தகடு. தகடு வளைந்தால் ஊசி மேலே வரும். 320 தகடுகளையும் பிசகில்லாமல் பொருத்த வேண்டியிருப்பதால்தான் விலை லட்சத்தில் நிற்கிறது. 20 கட்டங்களோடு மலிவான கருவிகளும் வந்துவிட்டன. படிக்க முடியும், ஆனால் ஒரு வாக்கியத்துக்குப் பலமுறை பொத்தானை அழுத்த வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவனுக்கு இதில் தனிப்பாடு. உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து ஊசிகளைச் சிக்கவைக்கும். ஒரு ஊசி எழாமல் போனால் எழுத்தே மாறிவிடும். எந்த வார்த்தையும் அர்த்தமில்லாமல் வந்தால் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவேன், எழுதியவரை அப்புறம். சாப்பிட்ட கையோடு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மீன் குழம்பு அன்று சட்டம் இன்னும் கடுமை.

கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று அறிய, பக்கவாட்டில் காற்று வரும் துளையில் விரலை வைப்பேன்.

பிரெய்லில் தமிழ் உண்டா? 247 எழுத்துகளுக்கும் ஆறு புள்ளி போதுமா?

தாராளமாகப் போதும். ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழுக்கு அதில் பாதிதான் தேவை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்லில் உயிரெழுத்துக்கும் அதன் குறிக்கும் ஒரே வடிவம். 'மொழி' என்று எழுத ம, ஒ, ழ, இ என நான்கு கட்டம். அச்சில் இருப்பதுபோல ஒற்றைக்கொம்பு முன்னால் வந்து, கால் பின்னால் போய், நடுவில் மெய் மாட்டிக்கொள்ளும் வேலையெல்லாம் இல்லை. ஒலிக்கிற வரிசையிலேயே வரும். ஒலியே கேட்காத எனக்கு இந்த வசதி கிடைத்தது வேடிக்கைதான்.

ல, ள, ழ பற்றி இங்கே கொஞ்சம் அலட்டிக்கொள்கிறேன். பிரெய்லில் ல என்பது இடப்பக்கத்து மூன்று புள்ளிகள். ள என்பது வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். ழ ஐந்து புள்ளிகளோடு விரலை நிரப்பும். மூன்றையும் குழப்பிக்கொள்ளவே முடியாது. காதால் தமிழ் கற்றவர்கள் எனக்கு அனுப்பும் செய்திகளில் 'பள்ளி' பல்லியாகவும் 'வாழை' வாளையாகவும் வருகின்றன. காசிமேட்டுக்காரர்களாவது வாளை மீனைச் சொல்கிறார்கள் என்று சமாதானம் செய்துகொள்ளலாம்.

உண்மையான தலைவலி பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய கோப்பு, பார்ப்பவருக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்பது என் விரலுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து சேரும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கம்ப்யூட்டரில் சேமிக்கும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்று ஆணை பிறப்பித்தது. அதன் பிறகும் அழைப்பிதழ் முதல் சுற்றறிக்கை வரை பழைய எழுத்துருவில் வருகின்றன. அதைவிட மோசம், தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி, படமெடுத்து அனுப்புவது. படத்தில் எழுத்தே இல்லை. எழுத்தின் நிழல்தான் இருக்கிறது. டெசராக்ட் என்ற இலவச மென்பொருளால் தமிழைப் பிரித்தெடுக்கலாம். முத்திரை விழுந்த இடத்தில் எதையாவது உளறும். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தேதியும் இருக்கும்.

படிக்க நல்ல தமிழ் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் பாரதி வரை சுத்தமான எழுத்தாகவே கிடைக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உண்டு. போய்வரவே ஒரு நாள் ஆகிவிடும் என்பதால் மதுரை எனக்குக் கோட்டூர்புரத்தைவிடப் பக்கம்.

எந்த மென்பொருள்?

தமிழ் படிக்க விண்டோஸில் என்.வி.டி.ஏ. திரையில் இருப்பதைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ தரும். இலவசம். 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்தது, இருவருமே பார்வையற்றவர்கள். வேலைக்கு லினக்ஸ் என்ற இயங்குதளமும், அதன் திரையைப் பிரெய்ல் டிஸ்ப்ளேக்கு அனுப்பும் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற நிரலும். அது பேச்சை நம்பியே இருக்காது. டெபியன் என்ற வகை லினக்ஸை நிறுவும்போதே பிரெய்ல் டிஸ்ப்ளேயைச் செருகினால் நிறுவும் திரையே விரலுக்கு வந்துவிடும். யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் ஒரு கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக நிறுவ முடிவது எனக்குப் பெரிய சொத்து.

நிரல் எழுதுவது கஷ்டமாக இல்லையா?

ஒரு வரி மட்டும் காட்டும் கருவிக்கு ஒரு வரி மட்டும் காட்டும் மென்பொருள்தான் பொருத்தம். 1969இல் கென் தாம்ஸன் எழுதிய 'எட்' என்ற திருத்தியை, அதாவது நிரலைத் தட்டித் திருத்தும் மென்பொருளை, நான் இன்றும் பயன்படுத்துகிறேன். திரையே இல்லாமல், தாளில் தட்டச்சிடும் டெலிடைப் காலத்தில் பிறந்தது. கேட்ட வரியைக் காட்டும், மற்றபடி வாயைத் திறக்காது. தவறு செய்தால் ஒரே ஒரு கேள்விக்குறி. பார்வையுள்ள நண்பர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விக்குறி ஒரு கட்டத்தில் அடங்குகிறது. இன்றைய திருத்திகள் பிழையை மிதக்கும் பெட்டியில், சிவப்பு நெளிகோட்டில், ஓரத்தில் ஒரு படத்தில் சொல்கின்றன. அந்த மூன்றையும் நான் தேடிப் பிடிக்க வேண்டும்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. நான்கு நான்காக இடைவெளி விட்டு மூன்று படி உள்ளே போனால் 12 கட்டங்கள் வெறுமையாகிவிடும். 40இல் 12 போனால் என்ன மிஞ்சும்? அதனால் நான் டேப் விசைக் கட்சி. டேப்பின் அகலத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு படிக்கு ஒரு கட்டம். இந்தக் கட்சிச் சண்டையை மற்றவர்கள் ரசனைக்காகப் போடுகிறார்கள். எனக்கு அது இடப் பஞ்சம்.

குரலால் இயங்கும் கருவிகள் உங்களுக்கு வரப்பிரசாதமாக இருக்குமே?

காது கேட்காது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

வங்கி வேலையெல்லாம் யார் செய்கிறார்கள்?

நானேதான், முடிகிற வரைக்கும். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்ற கட்டம் வந்தால் படம் ஒரு வழி, ஒலி மறு வழி. கண் தெரியாதவர்களை மனதில் வைத்து ஒலியைச் சேர்த்தவர்கள், இரண்டும் இல்லாத ஒருவன் வருவான் என்று யோசிக்கவில்லை. ஒரு வங்கியின் ஓ.டி.பி. காலாவதியாவதற்குள் நான் போனிலிருந்து அதைப் பிரெய்லில் படித்து, கம்ப்யூட்டருக்கு மாறி, பெட்டியைக் கண்டுபிடித்துத் தட்ட வேண்டும். பாதி நேரம் காலாவதிதான் ஜெயிக்கும். வீடியோ மூலம் அடையாளம் சரிபார்ப்பது அதைவிட விசேஷம்: கேமராவைப் பார், கண்ணைச் சிமிட்டு, கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதில் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. அமில வீச்சில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கு. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், டிஜிட்டல் சேவைகளை எட்டுவது வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, அடையாளச் சரிபார்ப்பை எல்லோருக்கும் எளிதாக்க 20 வழிகாட்டுதல்களைக் கொடுத்தார்கள். தீர்ப்பு முழுவதையும் படித்தேன். எழுத்தாக இருந்ததால் படிக்க முடிந்தது. அந்த 20இல் எத்தனை நம் கிளையின் கவுன்ட்டருக்கு வந்து சேருகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரூபாய் நோட்டை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நீளத்தால். 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. நான்கு நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மனிதனின் மானம் இருக்கிறது. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. ரிசர்வ் வங்கி 2020இல் 'மணி' என்ற செயலியைக் கொண்டுவந்தது. நோட்டைக் காட்டினால் குரலில் மட்டுமல்ல, அதிர்விலும் மதிப்பைச் சொல்லும். அதிர்வைச் சேர்த்த அந்த முகம் தெரியாத அதிகாரிக்கு என் வணக்கம். கடைகளில் வைத்திருக்கும் பணம் வந்ததைக் கத்திச் சொல்லும் பெட்டி எனக்குக் கேட்காது. கடைக்காரர் என் தோளைத் தட்டுவதுதான் ரசீது.

செயற்கை நுண்ணறிவு பற்றி?

பிடித்திருக்கிறது, பாதிதான் நம்புகிறேன். பார்வையற்றோருக்குத் தன்னார்வலர் வீடியோ அழைப்பில் கண்ணாக இருக்கும் செயலி 2015இலேயே வந்துவிட்டது. அவர்கள் பேசுவார்கள் என்பதால் எனக்குப் பயன்படவில்லை. 2023க்குப் பிறகு படத்தைக் கொடுத்தால் எழுத்தில் விவரிக்கும் வசதி பரவியதும் எனக்கும் வாசல் திறந்தது. தங்கை அனுப்பும் புடவை, மின்சார மீட்டர், வாசலில் ஒட்டிய நோட்டீஸ், எல்லாம் விரலுக்கு வருகின்றன.

ஆனால் அது விவரிக்கும் எல்லாப் படங்களிலும் எல்லோரும் புன்னகைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் சரளமாக இட்டுக்கட்டுவது அதன் குணம். பார்வை உள்ளவர் ஒரு முறை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு அந்த வசதி இல்லை. மாத்திரை அட்டையை மட்டும் அதனிடம் காட்டுவதில்லை. அதை மருந்துக் கடைக்காரர் ரப்பர் பேண்டு போட்டுப் பிரித்துத் தருகிறார்.

வெளியே தனியாகப் போவீர்களா?

போவேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோல் என்றால் கண், காது இரண்டும் இல்லை என்று பொருள். உலகத்துக்குத் தெரிந்தது நம் ஊர் கன்டெய்னர் லாரிக்குத் தெரியாது. ஹாரன் அடித்தால் விலகுவான் என்று நம்பி வருகிறது. அதனால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தனியாகக் கடப்பதில்லை. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது பெரிய நிம்மதி: தரையில் புடைத்த கோட்டைக் காலால் பிடித்துக்கொண்டு போகலாம், அடுத்த நிலையம் எது என்று போன் விரலுக்குச் சொல்லிவிடும்.

மற்றபடி மூக்கு இருக்கிறது. காசிமேடு எந்தப் பக்கம் என்று யாரும் எனக்குக் காட்ட வேண்டியதில்லை. வடகாற்று அடித்தால் மணலிப் பக்கத்து ஆலைகளின் வாடை ராயபுரம் வரை வரும். அது இல்லாமலும் என்னால் திசை கண்டுபிடிக்க முடியும் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மின்சாரமும் சிக்னலும் போனபோது செய்தி கொண்டுவந்தது மாடி வீட்டு அக்காவின் விரல்தான். உள்ளங்கையில் 'முட்டி' என்று எழுதினார். தண்ணீர் முழங்கால் வரை. அமெரிக்காவில் செவித்திறனும் பார்வையும் இழந்தவரின் முதுகில் பெருக்கல் குறி போட்டால் 'ஆபத்து, உடனே கூட வா' என்று பொருள். அதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். சிறுவர்கள் விளையாட்டுக்குப் போட்டுவிட்டு ஓடுவதுண்டு.

தொழில்நுட்பம் ஒரு நாள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புகிறீர்களா?

எழுத்தை எழுத்தாக விட்டால் போதும், பாதி சரியாகிவிடும். 1964இல் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர் பழைய டெலிடைப்பைத் தொலைபேசியோடு இணைத்து, காது கேளாதவர்களும் தொலைவிலிருந்து எழுத்தால் உரையாட வழிசெய்தார். இணையத்தின் அடிப்படை விதிகளை வகுத்தவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃபுக்கும் செவித்திறன் குறைவு. மின்னஞ்சல் மேல் அவருக்கு இருந்த ஆர்வத்தில் அதற்கும் பங்கு உண்டு. குறுஞ்செய்தி வந்த காலம் எனக்குப் பொற்காலம்: பதினைந்து ரூபாய் ரீசார்ஜில் ஊரே என்னோடு பேசியது.

இப்போது என்ன ஆகிவிட்டது? தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டுக் குரல் செய்தி அனுப்புகிறார்கள். ஹோட்டல் விலைப்பட்டியல் படமாகிவிட்டது. சாமான் எப்படிப் பொருத்துவது என்ற குறிப்பு வீடியோவாகிவிட்டது. பிறகு அதே குரலை எழுத்தாக்க ஒரு மென்பொருள், அதே படத்தை எழுத்தாக்க இன்னொரு மென்பொருள் என்று விற்கிறார்கள். முதலிலேயே எழுத்தாக இருந்ததைத்தானே ஐயா இவ்வளவு சுற்றுகிறீர்கள்?

உங்களைப் பார்த்தால் எங்கள் கஷ்டம் ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது.

உங்களுக்கு லாபம். எனக்கு இதில் கமிஷன் ஏதும் வருவதில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த முறை என்னோடு பேசும்போது பாதியில் அவசரப்படாமல் இருங்கள். உள்ளங்கையில் எழுதிப் பேச நேரம் பிடிக்கும். மக்கள் 'சரி விடுங்கள், ஒன்றுமில்லை' என்று கையை மூடிவிட்டுப் போவதுதான் என் நாளில் மிக மோசமான வாக்கியம். அந்த ஒன்றுமில்லாததையும் எனக்குச் சொல்லுங்கள்.

கல்யாணம்?

ஆகவில்லை. அடுத்த கேள்வி.

எங்கள் குழந்தைக்குக் காது கேட்காது. இருட்டில் தடுமாறுகிறாள். என்ன செய்வது?

இதற்கு மட்டும் விளையாட்டில்லாமல் பதில் சொல்கிறேன். காது கேளாத குழந்தை நடக்கத் தாமதமானாலோ இருட்டில் முட்டிக்கொண்டாலோ விழித்திரைப் பரிசோதனை செய்யுங்கள். கண்ணாடிக் கடைப் பரிசோதனை போதாது. சிறு குழந்தையென்றால், அறுவை சிகிச்சையில் உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி பற்றிச் சீக்கிரம் கேளுங்கள், முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். பின்னால் கண் குறையும்போது அந்தக் காது கைகொடுக்கும். கண் தெரிகிறபோதே பிரெய்ல் கற்றுக்கொடுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள். சான்றிதழில் காதை மட்டும் எழுதி முடித்துவிடுவார்கள். 2016 சட்டம் செவி-பார்வை இரண்டும் இழப்பதைத் தனியே குறிப்பிடுகிறது என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வடசென்னையிலிருந்து தூரம்தான், போகலாம்.

உங்களை நேரில் சந்திக்கலாமா?

வாருங்கள். முன்னதாக ஒரு செய்தி அனுப்புங்கள்; குரல் செய்தி வேண்டாம், எழுதியதைப் படமெடுத்தும் அனுப்ப வேண்டாம். வந்ததும் தோளில் கைவையுங்கள், இழுக்காதீர்கள். நீங்கள் யார் என்பதை உள்ளங்கையில் எழுதுங்கள்: ஒரே இடத்தில், எழுத்தின் மேல் எழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் விரலை எடுத்து. ஞ வரும் பெயராக இருந்தால் பொறுமையாக. கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வெற்று நாற்காலியிடம் டேப் விசை பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள் உண்டு. ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், மீன் வாங்கப் போய்விடுவேன்.